பவுலோசாவுக்கு அப்புறம்தான் இந்துலேகா

கேரளா பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ரெண்டு பதில் டக்குனு வரும். மலையாளத்தின் முதல் நாவல் எது? குந்தலதா, 1887, அப்பு நெடுங்ஙாடி. லட்சணமெல்லாம் ஒத்துவந்த முதல் நாவல் எது? இந்துலேகா, 1889, சந்துமேனன். நம்ம இஞ்சிவிளை, உச்சக்கடை, அமரவிளைப் பக்கம் வீட்டுல தமிழும் பள்ளிக்கூடத்துல மலையாளமுமா வளர்ற பிள்ளைகளும் இதையேதான் ஒப்பிக்குதுங்க. பரீட்சைக்கு அந்தப் பதில் சரி, மார்க் கிடைக்கும். ஆனா அந்த ரெண்டு வரியைக் கேக்குற ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிச்சலா இருக்கு. அதுக்கெல்லாம் முன்னாடியே, இதே திருவிதாங்கூர்ல, ஒரு புலைய அடிமையையும் அவரோட எஜமானையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒரு நாவல் எழுதியாச்சு. எழுதினது ஒரு பெண். அந்த நாவலை 'மொழிபெயர்ப்பு', 'மிஷனரி எழுத்து'ன்னு ரெண்டு சொல்லுல ஓரங்கட்டிட்டாங்க. அது நியாயமில்லைங்கிறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா வாங்க.

பேரு ஃபிரான்சஸ் காலின்ஸ். மலையாள இலக்கிய வரலாற்றுல 'மிஸஸ் காலின்ஸ்', இல்லேன்னா 'காலின்ஸ் மதாம்மா'. (கணவர் பேர் மட்டும் நின்னு சொந்தப் பேர் உதிர்ந்துபோன பெண்கள் அந்தக் காலத்துல நிறைய. இங்கிலாந்துல எலிசபெத் காஸ்கெல் எவ்வளவு பெரிய நாவலாசிரியை, அவங்களும் ரொம்ப காலம் வெறும் 'மிஸஸ் காஸ்கெல்'தான்.) கணவர் ரிச்சர்ட் காலின்ஸ் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரி, கோட்டயம் சி.எம்.எஸ். காலேஜுக்கு பிரின்சிபால், 1865ல ஒரு மலையாள அகராதி வெளியிட்டவர். இந்த அம்மா 1859 வாக்குல இங்கிலீஷ்ல ஒரு கதை எழுத ஆரம்பிச்சாங்க. 'தி ஸ்லேயர் ஸ்லெய்ன்', அதாவது 'கொன்னவன் கொல்லப்பட்டான்'னு தலைப்பு. முடிக்கறதுக்குள்ள 1862ல இறந்துட்டாங்க. மீதியைக் கணவர் எழுதி முடிச்சார். 1864ல இருந்து 1866 வரைக்கும் அந்தக் காலேஜோட பத்திரிகையான 'வித்யாசங்கிரகம்'ல அது தொடரா வந்துச்சு. 1877ல மலையாளத்துல 'காதகவதம்'னு புத்தகமாச்சு. வருஷத்தைக் கவனிங்க. தமிழ்ல முதல் நாவல்னு நாம சொல்ற பிரதாப முதலியார் சரித்திரம் அச்சாகி வந்தது 1879ல. காதகவதம் அதுக்கும் ரெண்டு வருஷம் முந்தி.

கதை இதுதான். கோசி குரியன் பெரிய நிலக்காரர், சுரியானி கிறிஸ்தவர். அவர்கிட்ட அடிமையா இருக்கிற புலையர்கள்ல பவுலோசான்னு ஒரு வயசான மனுஷன். பவுலோசா மனம் மாறி கிறிஸ்தவரானவர். ஞாயித்துக்கிழமை வயல்ல இறங்கணும்னு எஜமான் சொல்றார். பவுலோசா மாட்டேங்கிறார். அடிமை மறுத்துப் பேசுறதாங்கிற ஆத்திரத்துல கோசி குரியன் கை ஓங்குறார், அந்த அடியில பவுலோசாவோட பேரக்குழந்தை செத்துப்போகுது. நாவல் தொடங்குறதே இந்த ஓய்வுநாள் தகராறும் சாவும்தான். அதுக்குப் பிறகு கோசி குரியனோட மகள் மரியம், பெண் படிப்பு, கல்யாணம், அந்தச் சமுதாயத்து வழக்கங்கள்னு கதை விரிஞ்சு போகுது. கடைசியில பவுலோசாவோட மன்னிப்பு எஜமானோட மனசை மாத்துது. கொன்னவன் அந்த மன்னிப்பால வெல்லப்படறான், தலைப்பு அதைத்தான் சொல்லுது.

பின்பாதியை விட்டுடுங்க, முன்பாதிக்கு வாங்க. ஞாயித்துக்கிழமை வேலைக்கு வர மாட்டேன்னு ஒரு அடிமை சொல்றதுல என்ன இருக்கு? வெறும் பக்தின்னு கடந்து போயிடலாம். ஆனா அடிமைன்னா யாரு? ஜென்மமா விக்கலாம், காணமா அடமானம் வைக்கலாம், பாட்டமா குத்தகைக்கு விடலாம். நிலத்துக்கு என்னென்ன பத்திரம் உண்டோ அத்தனையும் கேரளத்துல ஆளுக்கும் எழுதியிருக்காங்க. 1836ல திருவிதாங்கூர்ல எடுத்த கணக்குல மட்டும் அடிமைகள் 1,64,864 பேர். அப்படிப்பட்ட ஒரு மனுஷன் எஜமான் முகத்தைப் பார்த்து, வாரத்துல ஒரு நாள் என் உடம்பு உனக்குச் சொந்தமில்லைன்னு சொல்றார். அதுக்கு அவர் காட்டுற ஆதாரம் வேதபுஸ்தகம், சரிதான். சட்டம் அவருக்குக் கைகொடுக்காத காலம், கையில கிடைச்ச புத்தகத்தைக் காட்டுறார். உடம்பு யாருக்குச் சொந்தம், நாள் யாருக்குச் சொந்தம்ங்கிற கேள்வியோட கேரளத்துல ஒரு நாவல் 1860கள்லயே தொடங்கியிருக்குன்னா அதைச் சின்ன விஷயம்னு என்னால ஒதுக்க முடியல.

அடுத்து, இதை முதல்ல வாசிச்சது யாருன்னு யோசிச்சுப் பாருங்க. 1864ல கோட்டயத்துல இங்கிலீஷ் வாசிக்கத் தெரிஞ்ச கூட்டம் ரொம்பச் சின்னது. காலேஜ் பத்திரிகையில வந்த தொடர்ங்கிறதால அதைக் கையில எடுத்தது பெரும்பாலும் காலேஜ் பையன்களும் வாத்தியார்மாரும். அந்தப் பையன்கள்ல நிறைய பேர் வசதியுள்ள சுரியானி கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைங்க. அதாவது கோசி குரியன் மாதிரி அப்பன்மாருக்குப் பிறந்தவங்க! வீட்டுல வயல் இருக்கு, வயல்ல வேலைக்கு நிக்கிற புலையர் இருக்காங்க. அடிமை வெச்சிருக்கிறவன்னு ஒரு எஜமானைக் காட்டிக்கொடுக்கிற கதையை, அந்த எஜமான்களோட பிள்ளைகள் உக்கார்ற வகுப்பறைக்கே கொண்டு போய் வெச்சிருக்கு இந்தப் பத்திரிகை. இங்கிலாந்துல உக்கார்ந்து இந்திய அடிமைகளுக்காகக் கண்ணீர் விடுற எழுத்துக்கும் இதுக்கும் உள்ள தூரம் பெருசு.

நம்ம பக்கத்துக்கு வருவோம். அந்த அம்மா எழுத உக்கார்ந்த வருஷங்கள்ல திருவிதாங்கூரோட தெக்குப் பகுதி சும்மா இருக்கல. அடிமை முறையை ஒழிக்கணும்னு மிஷனரிகள் 1847லயே மகாராஜாவுக்கு மனு கொடுத்திருந்தாங்க. 1853ல ஒரு விளம்பரம், 1855ல உத்திரம் திருநாள் மகாராஜா இன்னொரு விளம்பரம். அடிமை மேல உரிமை கேட்டு வர்ற வழக்கைச் சர்க்கார் ஏத்துக்காதுன்னு ஆச்சு. காகிதத்துல அடிமை முறை போச்சு, வயல்ல போகல. 1858லயும் 1859லயும் தோள்சீலைக் கலவரம் நாஞ்சில் நாடு, விளவங்கோடு, நெய்யாற்றின்கரைன்னு பரவி வீடுகளும் பள்ளிக்கூடங்களும் எரிஞ்சுது. 1859 ஜூலையில நாடார் பெண்கள் மேல்துணி உடுத்திக்கலாம்னு மகாராஜா உத்தரவு போட்டார், அதுலயும் உயர்ந்த சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாதுன்னு ஒரு கொக்கி வெச்சுத்தான். அதே வாக்குலதான் கோட்டயத்துல இந்த அம்மா பவுலோசாவை எழுத ஆரம்பிக்கிறாங்க. கோட்டயமும் நெய்யாற்றின்கரையும் அன்னைக்கு ஒரே ராஜ்ஜியம், ஒரே சட்டம், ஒரே அடிமைப் பத்திரம். அதனாலதான் நம்மள மாதிரி எல்லைக் கிராமத்து ஆளுகளுக்கு இந்த நாவல்ல பாத்தியதை உண்டுன்னு சொல்றேன்.

இப்போ பெயர் பெற்ற நாவல்களைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. குந்தலதா நடக்கிறது கலிங்கம், குந்தளம்னு எங்கோ இருக்கிற ராஜ்ஜியங்கள்ல. அதுல கேரளமே இல்லை. இந்துலேகா நடக்கிறது மலபார்ல ஒரு நாயர் தரவாட்டுல. படிச்ச பெண், காதல், நம்பூதிரியோட சம்பந்த ஆசை. அருமையான நாவல்தான், அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனா அந்தத் தரவாட்டுக்குச் சோறு போட்ட வயல்ல யாரு நின்னாங்கன்னு அந்த நாவல் திரும்பிப் பாக்கல. 1891ல வந்த சி.வி.ராமன்பிள்ளையோட மார்த்தாண்டவர்மா நம்ம ஊர் ராஜா கதை, எட்டுவீட்டுப் பிள்ளைமார் கதை. அந்த ராஜா ஒளிஞ்சிருந்ததா சொல்ற அம்மச்சிப்பிலாங்கிற பலாமரத்தை நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில்ல இன்னைக்கும் வேலி கட்டிப் பாதுகாக்கிறாங்க. பாதுகாக்கட்டும், நல்லதுதான். குந்தலதாவுக்கும் இந்துலேகாவுக்கும் நடுவுல, 1888ல, நெய்யாற்றங்கரையில அருவிப்புறத்துல ஸ்ரீநாராயண குரு ஒரு கல்லை எடுத்துச் சிவனா நிறுத்தினார். 1893ல வெங்ஙானூர்ல அய்யன்காளி வில்லுவண்டியில ஏறி, புலையர் நடக்கக் கூடாத ரோட்டுல ஓட்டினார். நம்ம தாலுகாவே கொதிச்சுக்கிட்டிருந்த காலம் அது. அந்தக் கொதிப்போட வேர் எங்க இருந்துச்சுன்னு நாவல்கள்ல தேடினா முதல்ல கைக்கு வர்றது காதகவதம்தான்.

சரி, எதிர்ப்புக்கு வருவோம். முதல் எதிர்ப்பு, அவங்க வெள்ளைக்காரி, எழுதினது இங்கிலீஷ்ல, அது எப்படி நம்ம இலக்கியம் ஆகும்ங்கிறது. இதை ரெண்டா பிரிச்சுப் பாக்கலாம். இங்கிலீஷ்ல எழுதினதுதான் குத்தம்னா கிருபாபாய் சத்தியநாதனை என்ன செய்ய? அஹமத்நகர்ல 1862ல பிறந்து, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சு, உடம்பு ஒத்துழைக்காம படிப்பை விட்டு, ஊட்டி, ராஜமந்திரி, கும்பகோணம், மெட்ராஸ்னு வாழ்ந்து 1894ல, 32 வயசுல இறந்துபோன நாவலாசிரியை அவங்க. சகுணா, கமலான்னு ரெண்டு நாவல். ரெண்டும் இங்கிலீஷ்தான். சகுணாவும் 1887ல ஒரு காலேஜ் பத்திரிகையிலதான், மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகசின்ல, தொடரா ஆரம்பிச்சுது. (விக்டோரியா மகாராணியே அதை வாசிச்சதா சொல்வாங்க.) இந்தியப் பெண் எழுத்தோட வரலாறு எழுதுறவங்க யாரும் அவங்களை விடறதில்லை. அப்போ மொழி தடையில்லை. மிச்சம் இருக்கிறது பிறப்பு. வெளிநாட்டுல வேர் இருக்கக் கூடாதுன்னா இந்துலேகாவையும் கேள்வி கேக்கணும். டிஸ்ரேலியோட ஹென்றியட்டா டெம்பிள் நாவலை மலையாளத்துல கொண்டுவரப் பாத்து, அது சரிவராமத்தான் சொந்தமா எழுதினேன்னு சந்துமேனனே முன்னுரையில சொல்லியிருக்கார். குந்தலதாவுல ஷேக்ஸ்பியர் சாயல், மார்த்தாண்டவர்மாவுல ஸ்காட் சாயல்னு விமர்சகர்களே எழுதியிருக்காங்க. இங்கிலீஷ் நாவல் கலக்காத முதல் நாவல்னு கேரளத்துல ஒண்ணு கிடையாது, தமிழ்லயும் கிடையாது.

இன்னொண்ணும் இருக்கு, இதை நினைச்சா எனக்குக் கோபமே வருது. பாறசாலை லண்டன் மிஷனுக்கு ஒரு தனி மாவட்டம். அங்க வேலை பார்த்த ஜான் ஆப்ஸ் தன்னோட 22 வருஷத் திருவிதாங்கூர் அனுபவத்தை 1870ல புத்தகமா போட்டார். சாமுவேல் மட்டீர் 1871லயும் 1883லயும் ரெண்டு பெரிய புத்தகம் எழுதினார். நம்ம ஊர்ச் சாதி வரலாறு, அடிமை வரலாறு, தோள்சீலை வரலாறு எழுதுற யாரா இருந்தாலும் அடிக்குறிப்புல மட்டீர் பேர் இல்லாம இருக்காது. அவர் வெள்ளைக்காரர்னோ, மதம் மாத்த வந்தவர்னோ, இங்கிலீஷ்ல எழுதினார்னோ யாரும் ஒதுக்கல. எச்சரிக்கையா வாசிக்கிறாங்க, பயன்படுத்திக்கிறாங்க. அதே நியாயத்தை அதே காலத்துல அதே ராஜ்ஜியத்துல எழுதின ஒரு பெண்ணோட நாவலுக்குக் கொடுக்கறதுல என்ன கஷ்டம்? ஆண் எழுதின விவரணை சான்று, பெண் எழுதின கதை வெறும் பிரசங்கம்னு ஒரு அளவுகோல் உள்ளுக்குள்ள ஓடுதோன்னு சந்தேகம் வருது.

ரெண்டாவது எதிர்ப்பு, இது மதப் பிரச்சாரம்ங்கிறது. ஆமா, பிரச்சாரம்தான். மறைக்க ஒண்ணுமில்லை. பக்கத்துக்குப் பக்கம் வேதவசன வாசனை, மனந்திரும்புதல், மன்னிப்பு. ஆனா ஆரம்பகால நாவல்கள்ல பிரசங்கம் பண்ணாதது எது? பிரதாப முதலியார் சரித்திரத்துல கதையை நிறுத்திட்டு நீதி சொல்ற இடங்களைத் தனியா எடுத்தா அதுவே ஒரு புத்தகம் ஆகும். இந்துலேகாவுல 18ஆம் அத்தியாயம் முழுக்க நாத்திகமும் காங்கிரஸும் பத்தின விவாதம், கதை அங்க நகரவே நகராது. அவங்களுக்குக் கொடுக்கிற சலுகையை இவங்களுக்கும் கொடுக்கலாம். அதைவிட முக்கியம், இவங்க வில்லனா யாரை வெச்சாங்கங்கிறது. மதம் மாத்தற துண்டுப் பிரசுரம்னா ஒரு நம்பூதிரியையோ நாயர் பிரபுவையோ கொடுமைக்காரனா வெச்சிருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும். இவங்க வெச்சது ஒரு கிறிஸ்தவரை. தோமா வந்தார்னு பெருமை பேசுற, நூத்தாண்டுக் கணக்குல பழைய சபையோட ஆளை.

இதுக்கும் ஒரு பதில் சொல்வாங்க, அது பலமான பதில்தான். 1836ல மாவேலிக்கரை சுன்னகதோஸ்ல (சபை மாநாட்டுல) சுரியானி சபை சி.எம்.எஸ். மிஷனரிகளோட உறவை முறிச்சிக்கிச்சு. அதுக்கப்புறம் சுரியானிக்காரங்களைக் குறை சொல்றது மிஷனுக்கு லாபம். அதனால கோசி குரியனைக் கெட்டவனா காட்டினதுல பெரிய தைரியம் ஒண்ணுமில்லைன்னு சொல்லலாம். இருக்கலாம், அந்த நோக்கம் கலந்திருக்கலாம். ஆனா எழுத்தை நோக்கத்தால மட்டும் அளக்க முடியாது, அது எதைக் காட்டுதுன்னும் பாக்கணும். அடிமை வெச்சிருக்கறதுக்கு எந்த மதமும் தடையா இல்லை, கோயிலுக்குப் போறவனும் சர்ச்சுக்குப் போறவனும் ஒரே மாதிரி புலையனை வித்தான் வாங்கினான்ங்கிற உண்மையை இந்த நாவல் காட்டுது. அந்த உண்மையைக் கேரளத்துக் கிறிஸ்தவம் ரொம்ப நாள் பேசாம வெச்சிருந்துச்சு. இன்னைக்கும் பழைய சபைகள்ல தலித் கிறிஸ்தவர் நிலை என்னன்னு கேட்டா தொண்டை அடைக்குது. 1864லயே கோசி குரியன்னு பேர் வெச்சு அதைச் சொன்னவங்களுக்கு நன்றி சொல்லணும்.

மூணாவது, தரம். இங்க நான் பெருசா வாதாடப் போறதில்லை. கதையோட்டம் பல இடத்துல தடுக்குது. நல்லவங்க ரொம்ப நல்லவங்க, மாறினவங்க சட்டுனு மாறிடுவாங்க. ஒருத்தர் தொடங்கி இன்னொருத்தர் முடிச்ச புத்தகம்ங்கிறதையும் கணக்குல எடுக்கணும். அமெரிக்காவுல ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் 1852ல எழுதின 'அங்கிள் டாம்ஸ் கேபின்' அப்போ உலகமெல்லாம் சுத்திக்கிட்டிருந்துச்சு. பக்தியுள்ள வயசான அடிமை, கொடுமை, மன்னிப்புங்கிற அச்சு அங்கிருந்து வந்திருக்கலாம்னு தோணும். இங்கிலாந்துல காஸ்கெல் 1848லயே மேரி பார்ட்டன்ல மான்செஸ்டர் மில் தொழிலாளியையும் முதலாளியையும் எதிரெதிரா நிறுத்தி, கடைசியில மன்னிப்புல கொண்டுவந்து முடிச்சாங்க. காலின்ஸ் அந்தக் கூட்டத்துல ஒருத்தர், அந்தக் கூட்டத்துல பெரிய எழுத்தாளர்னு சொல்ல மாட்டேன். ஆனா இலக்கிய வரலாறுங்கிறது பரிசளிப்பு விழா இல்லையே. குந்தலதாவும் சிறந்த நாவல்ங்கிறதுக்காகவா பாடத்துல இருக்கு? எது எப்போ எதைப் பேச ஆரம்பிச்சுதுன்னு சொல்றதுதான் வரலாறு.

சிலர் இன்னொரு பக்கத்துல இருந்து மடக்குவாங்க. காலின்ஸுக்கு முன்னாடியே 1852ல கல்கத்தாவுல ஹன்னா காதரின் மல்லன்ஸ் வங்காளத்துல எழுதின 'புல்மணியும் கருணாவும்' கதையை ஜோசப் பீட் 1858ல மலையாளத்துல கொண்டுவந்துட்டாரே, அப்போ காலின்ஸ் முதல் ஆளும் இல்லையேன்னு. உண்மைதான். (அந்த மல்லன்ஸ் அம்மாவும் மிஷனரி மனைவிதான். 1861ல இறந்தாங்க, காலின்ஸுக்கு ஒரு வருஷம் முன்னாடி.) நான் யாருக்கும் முதல்ங்கிற பட்டம் கேக்கல. ஆனா அந்த வங்காளக் கதை வங்காள வீட்டுக்குள்ள நடக்கிறது. காதகவதம் நடக்கிறது நம்ம ராஜ்ஜியத்து வயல்ல. மலையாளிகள் கையில முதல்ல கிடைச்ச ரெண்டு நாவல் புத்தகங்களும் பெண்கள் எழுதினவைங்கிறதையாவது அந்த பி.எஸ்.சி. கைடுகள்ல ஒரு வரி சேக்கலாம் இல்லையா?

கடைசி எதிர்ப்புதான் கனமானது. அய்யன்காளி பிறந்த தாலுகாவுல உக்கார்ந்துக்கிட்டு, அடிமை விடுதலைக் கதைக்கு ஒரு மதாம்மாவை எதுக்குக் கொண்டாடணும்? பவுலோசா பேசுறது புலையரோட பேச்சா, உபதேசியாரோட பேச்சா? அடிபட்டவன் மன்னிக்கணும், எஜமான் மனசு மாறணும், அதுல நியாயம் கிடைச்சிடும்னு சொல்ற கதை அடிமைக்கு உதவுமா, எஜமானுக்கு உதவுமா? இதைக் கேக்கிறவங்க பக்கம் பாதி நியாயம் இருக்கு. பவுலோசா வாயில வர்ற பேச்சு பெரும்பாலும் கடன் வாங்கின பேச்சு. குழந்தை செத்ததுக்குக் கோர்ட்டு இல்லை, தண்டனை இல்லை, நஷ்ட ஈடு இல்லை. எஜமானோட கண்ணீரே போதும்னு நாவல் நினைக்குது. நம்ம தாலுகாவோட சரித்திரம் அப்படிப் போகல. ஊருட்டம்பலம் பள்ளிக்கூடத்துல பஞ்சமிங்கிற சின்னப் பெண்ணைச் சேர்க்கக் கூட்டிட்டுப் போனப்போ எஜமான்கள் மனசு மாறல, பள்ளிக்கூடத்தையே கொளுத்தினாங்க. பிள்ளைகளைப் பள்ளியில சேர்க்காட்டி வயல்ல இறங்க மாட்டோம்னு அய்யன்காளி தலைமையில புலையர் வேலையை நிறுத்தினாங்க. களை மண்டிக் கிடந்த வயலைப் பாத்துத்தான் நிலக்காரங்க பேச்சுக்கு வந்தாங்க. விடுதலை அங்க இருந்துதான் வந்துச்சு. அந்தப் பெருமை முழுக்க அய்யன்காளிக்கும் பட்டினி கிடந்து வேலையை நிறுத்தின அந்தக் குடும்பங்களுக்கும்தான்.

ஆனா பாருங்க, வேலைக்கு வர மாட்டேன்ங்கிற அந்தச் சொல்! அய்யன்காளி பிறந்தது 1863 ஆகஸ்ட்ல, காலின்ஸ் இறந்த அடுத்த வருஷம். அவர் பால்குடிக் குழந்தையா இருந்தப்போ கோட்டயத்துல அச்சாகிக்கிட்டிருந்த கதையில ஒரு புலையர் வயல்ல இறங்க மறுக்கிறார். அந்தக் கதையைப் படிச்சுத்தான் இந்த வேலைநிறுத்தம் வந்துச்சுன்னு சொன்னா அது பொய். அய்யன்காளி பள்ளிக்கூடமே பாக்காதவர், எழுத்து தெரியாதவர். நான் சொல்றது வேற. காலின்ஸ் அந்த மறுப்பைக் கற்பனையில மட்டும் பிடிச்சிருக்க முடியாது. புதுசா சபையில சேர்ந்த அடிமைகளுக்கும் எஜமான்களுக்கும் ஞாயித்துக்கிழமை வேலையை வெச்சுத் தகராறு வர்றது அந்தக் கால மிஷன் பகுதிகள்ல நடந்த சங்கதி. அதாவது வேலையை மறுத்துப் பாக்கிறது அடிமைகளுக்குத் தெரிஞ்ச ஆயுதம், அய்யன்காளிக்கு முன்னாடியே அது அங்கங்க தலைதூக்கியிருக்கு. அதை ஒரு மதாம்மா பாத்து எழுதி வெச்சிருக்காங்க. விடுதலை கொடுத்தவங்கன்னு அவங்களை யாரும் கும்பிட வேண்டாம். கண்ணால கண்டதை எழுதி வெச்ச சாட்சின்னு மதிச்சா போதும். புலையரே எழுத வர்றதுக்கு ரொம்ப முந்தின சாட்சி, குறைகளோட இருந்தாலும் தூக்கி எறியக் கூடாத சாட்சி.

அந்த வழி அங்கேயே முடிஞ்சும் போகல. 1892ல கண்ணூர் வக்கீல் போத்தேரி குஞ்ஞம்பு சரஸ்வதீவிஜயம் எழுதினார். அவர் தீயர், எழுதினது மலையாளத்துல. அதுலயும் ஒரு புலையப் பையன் மேலசாதிக்காரன் கையில அடிபட்டு விழறான். செத்துட்டான்னு எல்லாரும் நினைச்சிருக்க, அவன் மிஷன் படிப்பு படிச்சு நீதிபதியா திரும்பி வர்றான். பவுலோசாவோட பேரனை இங்க உயிரோட எழுப்பி நியாயாசனத்துல உக்கார வெச்ச மாதிரிதான் எனக்குப் படுது. (இது என் வாசிப்பு, ஒத்துக்காதவங்க வாதாடலாம்.) காலின்ஸ் எஜமானோட கண்ணீர்ல நிறுத்தினதைக் குஞ்ஞம்பு கோர்ட்டு வரைக்கும் இழுத்துட்டுப் போனார். வரலாற்றாசிரியர் திலீப் மேனன் மாதிரி ஆளுங்க இந்த நாவல்களை ஒரு வரிசையா வெச்சு வாசிச்சிருக்காங்க. ஜார்ஜ் இரும்பயம் மாதிரி ஆய்வாளர்கள் பழைய பிரதிகளைத் தேடி எடுத்து மறுபடி அச்சுல கொண்டுவந்தாங்க. ஆராய்ச்சிக்காரங்களுக்குத் தெரிஞ்ச இந்த வரிசை பள்ளிக்கூடத்துக்கும் வாசகசாலைக்கும் வந்து சேரல, அதுதான் குறை.

நம்ம பக்கத்து ஆளுகளுக்கு இதுல தனியா ஒரு வேலை இருக்குன்னு நினைக்கிறேன். 1956 நவம்பர் 1ல விளவங்கோடு அந்தப் பக்கம் போச்சு, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்னுச்சு. களியக்காவிளையில கோடு போட்டாச்சு. ஆனா ரெண்டு லிபியும் தடையில்லாம வாசிக்கிற ஆளுக இன்னைக்கும் நம்ம பக்கம் இருக்காங்க. தமிழ் வாசகர் சந்துமேனனைக் கேள்விப்பட்டிருப்பார், தகழியை வாசிச்சிருப்பார். காலின்ஸ் மதாம்மாவையும் குஞ்ஞம்புவையும் அவர் கையில கொண்டு சேர்க்கறதுக்கு நம்மளைவிடப் பொருத்தமான ஆள் யாரு? பாறசாலை, காரக்கோணம், வெள்ளறடைப் பக்கம் வாசகசாலை நடத்துறவங்க, மலையாளம் வாத்தியார் வேலை பாக்கிற தமிழ்வீட்டுப் பிள்ளைங்க, இந்தப் பதிவை வாசிச்சீங்கன்னா ஒரு காரியம் செய்ங்க. காதகவதத்தோட ஒரு பிரதியை உங்க வாசகசாலையில வாங்கி வைங்க. முதல் அத்தியாயத்தையாவது, அந்த ஞாயித்துக்கிழமைத் தகராறையாவது, தமிழ்ல மாத்திப் போடுங்க. அடுத்த தடவை பி.எஸ்.சி. கிளாஸ்ல குந்தலதா, 1887ன்னு பிள்ளைங்க ஒப்பிக்கும்போது, அதுக்கு பத்து வருஷம் முன்னாடி காதகவதம், 1877ன்னு ஒரு வாத்தியாராவது சேத்துச் சொல்லுங்க.